கூட்டாளி

மனநோய் வந்த ஒரு பெண் தேறிவிட்டாளா என்று அறிந்துகொள்ள நம் வீடுகளில் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: "சமைக்கிறாளா?" 2004இல் பாளையங்கோட்டையில் என் அக்காவைப் பார்த்த மருத்துவரும் அம்மாவிடம் இதைத்தான் கேட்டார். எங்களுக்கு முன்னால் உள்ளே போன பையனின் அப்பாவிடம், "வேலைக்குப் போறானா?" என்று அவர் கேட்டது திறந்திருந்த கதவு வழியாக வராந்தாவரை கேட்டது. ஒரே நோய், ஒரே மாத்திரை, இரண்டு கேள்விகள்.

அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஏனென்றால் அக்காவை அடுப்புப் பக்கமே நாங்கள் யாரும் விடவில்லை. தீ இருக்கிறது, அரிவாள்மனை இருக்கிறது, கொதிக்கிற எண்ணெய் இருக்கிறது. "நீ சும்மா இரு தாயி" என்பதுதான் அந்த ஒன்பது மாதமும் அவள் காதில் விழுந்த வாக்கியம். செய்யவே விடாமல் வைத்துக்கொண்டு, செய்கிறாளா என்ற கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தோம்.

அக்கா கணிதத்தில் முதுகலை படித்தவள். 1999இல் திருமணமாகி நியூஜெர்சிக்குப் போனாள். சமையல், துணி, குழந்தை, சனிக்கிழமைதோறும் அத்தானின் நண்பர்களுக்கு விருந்து என்று ஐந்து வருடம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. நோய்க்குக் காரணம் வேலைப்பளுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி எளிதாகச் சொல்லிவிட முடிகிற நோய் இல்லை இது. ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நோய் வரும்வரை அவளுக்கு வேலையிலிருந்து ஓய்வே கிடையாது. வந்த மறுநாளிலிருந்து ஒரு வேலையும் கிடையாது. இரண்டுமே அவளைக் கேட்டுச் செய்த ஏற்பாடு இல்லை.

பாளையங்கோட்டையில் இருந்தபோது, பக்கத்தில் ஒரு பகல்நேர மையத்தில் கொஞ்ச நாள் சேர்த்துவிட்டோம். காகித உறை ஒட்டச் சொன்னார்கள். அக்காவும் ஒட்டினாள். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது. அந்த உறைகள் எங்கே போகின்றன என்று கேட்டதற்கு அங்கிருந்த பெண், "அது எதுக்கும்மா உனக்கு? கை சும்மா இருக்கக் கூடாதுல்லா" என்றாராம். மறுநாளிலிருந்து அக்கா போகவில்லை. அவள் கணக்குப் படித்தவள். உற்பத்தி இருந்து விநியோகம் இல்லாத ஒரு தொழிற்சாலையை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு அமெரிக்கா திரும்பினாள். விவாகரத்து ஆனது, குழந்தைகள் அப்பாவோடு போனார்கள். அந்த வருடங்களைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். இந்தக் கட்டுரையை அவளுக்குத் தொலைபேசியில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். பெயரையும் ஊரையும் எடுத்துவிடச் சொன்னாள். "மத்தது இருக்கட்டும்ட்டி, படிக்கிறவளுக்கு உதவும்" என்றாள்.

2011இல் அவள் ஒரு கிளப்ஹவுஸில் உறுப்பினரானாள். பெயரைக் கேட்டதும் சீட்டாட்டக் கிளப்போ என்று அம்மா பயந்துபோனாள். 2018 கோடை விடுமுறையில் ஏழு வாரம் அக்காவின் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அந்த இடத்தை நான் பார்த்தேன். விருந்தினர்களுக்குச் சுற்றிக்காட்டுவதும் அங்கே உறுப்பினர்களின் வேலை. எனக்குச் சுற்றிக்காட்டியது என் அக்காதான். தங்கையென்று சலுகை எதுவும் தராமல், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டாள்.

பழைய இரண்டு மாடிக் கட்டடம். மருத்துவர் கிடையாது, மருந்து கொடுக்கும் அறை கிடையாது, குழுச் சிகிச்சை கிடையாது. சிகிச்சை வேறு இடத்தில், அவரவர் மருத்துவரிடம். இங்கே நடப்பது அலுவலகம் போன்ற ஒரு பகல். காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் கூடுவார்கள். வெள்ளைப் பலகையில் அன்றைய வேலைகள்: வரவேற்பு மேசை, தொலைபேசி, வருகைக் கணக்கு, செய்திமடல், மதியச் சமையல், பாத்திரம், தோட்டம். யாருக்கு எது வேண்டுமோ அதில் பெயர் எழுதிக்கொள்ளலாம். எழுதாமலும் இருக்கலாம். அங்கே ஒருவர் நான் இருந்த ஏழு வாரமும் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் யாராவது ஒருவர் போய், "கடிதங்களை மடிக்க ஆள் வேண்டும், வருகிறீர்களா?" என்று கேட்பார்கள். அவர் மாட்டேன் என்பார். சரி என்று போய்விடுவார்கள். மறுநாள் மறுபடியும் கேட்பார்கள். எனக்கு இந்தக் காட்சி அலுக்கவே இல்லை. மாட்டேன் என்று சொன்ன பிறகும் ஒருவர் விடாமல் அழைக்கப்படுவதையும், அழைத்த பிறகும் ஒருவர் மாட்டேன் என்று சொல்ல முடிவதையும் ஒரே இடத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எந்தக் குடும்பத்திலும் பார்த்ததில்லை.

சம்பளம் வாங்கும் ஊழியர்கள் உண்டு. ஆனால் அவர்களைத் தனியாக அடையாளம் காண எனக்கு இரண்டு நாளாயிற்று. அவர்களும் வெங்காயம் வெட்டினார்கள், குப்பைப் பையைக் கட்டினார்கள். ஊழியர்களுக்கென்று தனி அறையோ தனிக் கழிப்பறையோ இல்லை. உறுப்பினர் நுழையக் கூடாத கூட்டமும் இல்லை. இவை அந்த ஒரு வீட்டின் நல்ல மனசினால் வந்த பழக்கங்கள் அல்ல. உலகெங்கும் உள்ள கிளப்ஹவுஸ்களுக்காக 1989இல் எழுதப்பட்டு, அவ்வப்போது திருத்தப்படும் விதிகள் இருக்கின்றன. அவற்றில் எனக்குப் பிடித்த விதி ஒன்று: ஊழியர்களின் எண்ணிக்கை, உறுப்பினர்கள் கைகொடுக்காவிட்டால் வேலை நடக்கவே நடக்காது என்ற அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையை வேண்டுமென்றே உருவாக்கி வைப்பது. நம் கல்லூரிகளிலும் ஆள் பற்றாக்குறை உண்டு, அது வேறு கதை.

இந்த விதி செய்கிற வேலை இதுதான். பாளையங்கோட்டையில் ஒட்டிய உறை இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. இங்கே வருகைக் கணக்கை அக்கா போடாவிட்டால் மாதக் கடைசியில் அறிக்கை போகாது. அறிக்கை போகாவிட்டால் பணம் வராது. பணம் வராவிட்டால் சோபாவில் இருப்பவருக்குக் காபி இல்லை. தன்னை யாரும் ஏமாற்றவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

சேர்ந்த புதிதில், இந்தியப் பெண்ணாயிற்றே என்று அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழம்பு சொல்லிக்கொடுங்கள் என்று ஆசையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். அக்கா மாட்டேன் என்றாள். ஒரு முறை இல்லை, நான்கு வருடம். "அவ்வளவு வருசம் ஆக்கிப் போட்டாச்சு. இங்கயுமா?" என்று என்னிடம் கேட்டாள். கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்தாள். ஐந்தாவது வருடம் ஒரு நாள் சமையலறையில் ஆளில்லை. லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான உறுப்பினர் தனியாக நாற்பது பேருக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். அக்கா போய்ப் பக்கத்தில் நின்று இன்னொரு கத்தியை எடுத்தாள். அதே கை, அதே வேலை. ஆனால் பக்கத்தில் நின்று சீவுவது ஓர் ஆண். செய்யாமலும் இருந்திருக்கலாம். சாப்பிட்ட பிறகு அவரவர் தட்டை அவரவர் கழுவி வைத்தார்கள். பெண்களின் வீட்டுவேலை பற்றி வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பேசுகிறேன். இந்த மூன்றையும் தாண்டி நான் அதிகமாக எதுவும் சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ரயிலில் நியூயார்க்குக்குக் கூட்டிப்போனாள். ஐந்தாம் அவென்யூவும் 42ஆம் தெருவும் சேரும் இடத்தில் இருக்கிற பொது நூலகத்தின் படிக்கட்டு. இரண்டு பக்கமும் கல் சிங்கங்கள். புத்தகக்காரியான எனக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "உள்ள போக வேண்டாம், இங்கனயே உக்காரு" என்று சொல்லிப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். அவளுக்கு முக்கியம் படிக்கட்டு.

1940களில் ராக்லண்ட் அரசு மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த சிலர் கூடிப் பேசிய இடம் அது. மருத்துவமனையின் உள்ளேயே ஒரு குழுவாகச் சந்தித்துப் பழகியவர்கள். வெளியே வந்தால் வேலையில்லை, வீட்டில் இடமில்லை, கதவைத் தட்ட ஒரு நண்பர் இல்லை. கூடுவதற்குக் காசில்லாமல் இடம் தருவது நூலகப் படிக்கட்டுதான். தங்கள் சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர், 'நாம் தனியாக இல்லை.' மருத்துவமனையில் தொண்டு செய்துகொண்டிருந்த எலிசபெத் ஷெர்மர்ஹார்ன் போன்றவர்கள் துணைநிற்க, 1948இல் 47ஆம் தெருவில் ஒரு வீடு வாங்கினார்கள். வீட்டின் பின்கட்டில் ஒரு நீரூற்று இருந்ததால் ஃபவுண்டன் ஹவுஸ் என்று பெயரானது. 1955இல் ஜான் பியர்ட் என்ற சமூகப் பணியாளர் பொறுப்பேற்ற பிறகு, பேசிக் கலைகிற இடமாக இருந்தது சேர்ந்து உழைக்கிற இடமாக மாறியது. இன்று பல நாடுகளில் கிளப்ஹவுஸ்கள் இருக்கின்றன. நம் பக்கத்து லாகூரிலும் 1971இலேயே அதே பெயரில் ஒன்று தொடங்கப்பட்டது. அக்கா இதையெல்லாம் மனப்பாடமாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "டாக்டர் யாரும் ஆரம்பிக்கலட்டி. நம்மள மாதிரி ஆளுங்க ஆரம்பிச்சது" என்றாள். 'நம்மள' என்பதில் என்னைச் சேர்த்தாளா என்று நான் கேட்கவில்லை.

தமிழ் படித்தவளின் புத்தி, சொல்லைச் சுற்றித்தான் போகும். 'நோயாளி' என்ற சொல்லும் 'தொழிலாளி' என்ற சொல்லும் 'கூட்டாளி' என்ற சொல்லும் ஒரே விகுதியில் முடிகின்றன. மூன்றுக்கும் ஆண்பால் பெண்பால் இல்லை. ஆளி என்றால் உடையவர், ஆள்கிறவர். ஆனால் நோயாளி எதையும் ஆள்வதாக நம் பேச்சில் இல்லை. நோய்தான் அவரை ஆள்கிறது. இந்தத் துறையின் ஆங்கிலச் சொல்லை 'சகபாடி ஆதரவு', 'ஒத்தநிலையினர் உதவி' என்றெல்லாம் தமிழாக்குகிறார்கள். திருநெல்வேலியில் யாரிடமும் இப்படிச் சொல்ல முடியாது. கூட்டாளி என்றால் புரியும். கூட வேலை செய்பவரும் அதுதான், சிநேகிதரும் அதுதான், களவுக்குக் கூட வந்தவரும் அதுதான்.

கூட்டாளிகள் அங்கே நோயைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. பெண்கள் கூடினால் மனம் திறந்து பேச வேண்டும், பேசினால் பாரம் குறையும் என்பது நம் பெண்ணியக் கூட்டங்களின் நம்பிக்கை. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் இருபது வருடமாக ஒவ்வொரு மருத்துவரிடமும் ஒவ்வொரு சமூகப் பணியாளரிடமும் தன் கதையை முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவளுக்கு, அதைச் சொல்லத் தேவையில்லாத ஓர் அறையே பெரிய ஆறுதல். இங்கே உதவி வருவது பக்கவாட்டிலிருந்து, கை வேறு வேலையில் இருக்கும்போது.

அக்கா லித்தியம் சாப்பிடுகிறாள். கை நடுங்கும். வரவேற்பு மேசையில் காபி கொடுக்கும்போது சிந்திவிடும். அவமானமாக இருக்கும், அதனால் அந்த வேலையில் பெயர் எழுதமாட்டாள். ஒரு நாள் பக்கத்தில் நின்ற மூத்த உறுப்பினர், ஒரு கறுப்பினப் பெண்மணி, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அரைக் கோப்பைதான் ஊற்ற வேண்டும். இரண்டு தடவை நடந்தால் போகிறது" என்றாராம். மருந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் தன் கோப்பையையும் அரையாகத்தான் ஊற்றினார் என்பதை அக்கா அப்போதுதான் கவனித்தாள். பேருந்தில் குரல்கள் கேட்டால் திருப்பிப் பேசிவிடுவாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பேசினால் தொலைபேசியில் பேசுவதாக நினைத்துக்கொள்வார்கள் என்று இன்னொருத்தி சொல்லிக்கொடுத்தாள். பாட்டு ஓட வேண்டிய அவசியமில்லை, மாட்டியிருந்தால் போதும். இதை எந்த மருந்துச் சீட்டில் எழுதுவார்கள்?

என் சந்தேகத்தையும் எழுத வேண்டும். வீட்டுக்குள் செய்யும் எந்த வேலைக்கும் உறுப்பினர்களுக்குக் கூலி கிடையாது. ஒரு ரூபாய், ஒரு பரிசு, ஒரு மதிப்பெண் எதுவும் கூடாது என்பதும் விதி. கூலியில்லாமல் அன்பின் பெயரால் வேலை வாங்குவது பற்றிப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மனநல மருத்துவமனைகளின் சரித்திரமும் சுத்தமில்லை. துணி வெளுப்பதும் தரை துடைப்பதும் சமைப்பதும் பல ஊர்களில் நோயாளிகளின் உழைப்பில் நடந்தவை. அதற்குச் 'சிகிச்சை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 1973இல் சவுடர் எதிர் பிரென்னன் வழக்கின் தீர்ப்பு, மருத்துவமனையில் வேலை செய்யும் நோயாளிக்கும் கூலிச் சட்டம் பொருந்தும் என்று சொன்ன பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. இதை அக்காவிடம் சண்டைபோல எடுத்துவைத்தேன்.

அவள் பதில் கணக்காக வந்தது. வீட்டுக்குள் செய்வது நம் வீட்டை நாம் நடத்துவது. அதற்குக் கூலி வைத்தால் யாரோ முதலாளி ஆகிவிடுவார்கள், மறுபடியும் ஊழியர் மேலே, நாங்கள் கீழே. கூலி வேண்டுமென்றால் வெளியே உண்மையான வேலைக்குப் போக வேண்டும், ஊரில் எல்லோருக்கும் என்ன கூலியோ அதே கூலிக்கு. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். உள்ளூர் நிறுவனங்களில் சில இடங்களைக் கிளப்ஹவுஸ் பேசி வாங்கிவைத்திருக்கும். நேர்முகத் தேர்வு இல்லை, பழைய வரலாறு கேட்பதில்லை. ஊழியர் ஒருவர் முதலில் போய் அந்த வேலையைத் தானே கற்றுக்கொண்டு வந்து உறுப்பினருக்குச் சொல்லித்தருவார். அக்கா ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கடிதப் பிரிவில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை பார்த்தாள். குரல்கள் அதிகமாகி அவளால் எழுந்திருக்க முடியாத மூன்று நாளும், கிளப்ஹவுஸ் ஊழியர் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் பிரித்தார். வேலை போகவில்லை. உடம்பு சரியில்லாத நாளில் தன் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, மறுநாள் அந்த இடத்தைத் திருப்பித் தருவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

ஆனால் ஒன்பது மாதம் முடிந்ததும் அந்த இடத்தை அடுத்த உறுப்பினருக்கு விட வேண்டும். அது அவளுக்குக் கசப்பாகவே இருந்தது. நியாயம் தெரியும், ஆனாலும் கசப்பு. கூலி பற்றிய என் சந்தேகமும் முழுக்கப் போய்விடவில்லை. செய்யாமல் இருக்கிறவருக்கும் காபி உண்டு என்பதை நேரில் பார்த்ததால் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகு கணக்குப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நம்மில் பலர் மறந்துவிட்டோம். என் மாணவிகளில் பாதிப்பேர் அப்போது பிறக்கவே இல்லை. நம்மிடம் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் இருக்கிறது. தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய பான்யன் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. அப்படியானால் அவள் எங்கே போவாள் என்பதும் பகலில் என்ன செய்வாள் என்பதும்தான் மிச்சம். தீப்பெட்டிக்கும் பீடிக்கும் ஆள் தேடத் தெரிந்த மாவட்டம் எங்களுடையது. பத்துப் பெண்கள் கூடி, தாங்களே கணக்கு வைத்து, தாங்களே பூட்டைத் திறந்து மூடும் ஒரு கூடத்தை மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே நமக்குக் கற்றுத்தந்திருக்கின்றன. அந்தக் கூடத்தில் மருந்து சாப்பிடும் ஒருத்திக்கு நாற்காலி போட எவ்வளவு செலவாகும்?

2020 மார்ச்சில் தொற்றால் அக்காவின் கிளப்ஹவுஸும் கதவை மூட வேண்டிவந்தது. உறுப்பினர் பட்டியலைப் பிரித்துக்கொண்டு, தினமும் தொலைபேசியில் கூப்பிடுவதென்று முடிவு செய்தார்கள். வராதவரைத் தேடிப்போவது அங்கே எப்போதுமே ஒரு வேலை. அதுவும் பலகையில் எழுதப்படும். அக்காவுக்குப் பதினொரு பெயர்கள். பத்துப் பேர் எடுத்தார்கள். ஒருத்தி எடுக்கவில்லை. தனியாக வசிப்பவள், சமையலறைப் பிரிவுக்காரி. மணி அடித்து ஓய்ந்து, செய்தி பதிவு செய்யச் சொல்லும். எப்படி இருக்கிறாய், மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்க அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்குத் தன் வீட்டில் என்ன சமைத்தாள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். இன்று ரசம். இன்று முட்டைக்கோஸ். இன்று சாம்பார், கடுகு தீர்ந்துபோச்சு, தாளிக்கவில்லை.

பத்தொன்பதாவது நாள் காலையில் அக்காவின் தொலைபேசி அடித்தது. அந்தப் பெண். நலம் விசாரிப்பு எதுவுமில்லை. "கடுகு கிடைத்ததா?" என்று கேட்டாள். தன்னிடம் ஒரு சிறு டப்பா இருக்கிறதாம், எப்போது வந்து வாசலில் வைக்கட்டும் என்றாள்.